கடின மரத்தில் எலெக்ட்ரிக் கிட்டார் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கிட்டார் செய்பவன் என்று தெரிந்ததும் பேச்சு எப்போதும் ஒரே பாதையில்தான் போகும். முதலில் மரம், அப்புறம் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்), கடைசியில் பாலிஷ். நெக் என்ற கழுத்துப் பகுதியைப் பற்றியும், கிட்டாரின் நடுவே நீளவாக்கில் ஓடும் மையக்கோட்டைப் பற்றியும் கேட்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் ஒரு கிட்டார் நன்றாக அமைவதும் வீணாவதும் அங்கேதான். கேள்விகளை அவரவர் கேட்ட விதத்திலேயே கீழே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றைத் தொட்டுப் போவதால் மேலிருந்து படித்துக்கொண்டு வருவது நல்லது.

எனக்குத் தச்சு வேலை தெரியாது. நானும் ஒரு கிட்டார் செய்ய முடியுமா?

முடியும். அக்கூஸ்டிக் கிட்டாருக்கு 3 மி.மீ.க்கும் மெல்லிய தகடுகளைச் சூடு காட்டி வளைத்து ஒட்ட வேண்டும். எலெக்ட்ரிக் கிட்டாரின் உடலோ, ஏறத்தாழ 45 மி.மீ. தடிமனுள்ள ஒரு பலகையை உருவத்துக்கு வெட்டிக் குடைந்ததுதான். பொறுமையும் அளந்து வேலை செய்யும் பழக்கமும் இருந்தால் உடல் வந்துவிடும்.

நெக் அப்படியல்ல. முதல் முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது: நெக்கைத் தயாராக வாங்குங்கள், உடலை மட்டும் செய்யுங்கள். இரண்டாவது கிட்டாருக்கு நெக்கும் உங்கள் கையால் ஆகட்டும். அதற்குள் ஒரு நல்ல நெக் எப்படி இருக்கும் என்று உங்கள் விரல்களுக்குத் தெரிந்திருக்கும்.

கடின மரம் என்றால் கெட்டியாக இருக்கும் மரம்தானே?

பெயர் அப்படித்தான் சொல்கிறது, ஆனால் அது தாவரவியல் பிரிவு. அகன்ற இலையும் பூவும் உள்ள மரங்கள் கடின மரங்கள். பைன் போன்ற ஊசியிலை மரங்கள் மென்மரங்கள். விரலால் அழுத்தினாலே பள்ளம் விழும் பால்சாவும் இந்தக் கணக்கில் கடின மரம்தான்.

மென்மரத்தில் கிட்டார் செய்யக் கூடாது என்று விதி ஒன்றும் இல்லை. பிற்காலத்தில் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்ற கிட்டாரின் முதல் மாதிரிகளை லியோ ஃபெண்டர் 1949 வாக்கில் பைன் மரத்தில்தான் செய்து பார்த்தார். பைனில் நகம் பட்டாலும் தடம் விழும், திருகாணி சீக்கிரம் தளரும். கடின மரத்தை நான் விரும்புவது அதனால்தான்.

எந்த மரம் வாங்கட்டும்?

உடலுக்கு வழக்கமாகப் புழங்குபவை ஆல்டர், ஆஷ், மஹோகனி, பாஸ்வுட், வால்நட். நெக்குக்கு மேப்பிள் அல்லது மஹோகனி. ஃப்ரெட் என்ற உலோகக் கம்பிகள் பதித்த, நெக்கின் மேல் விரல் அழுத்தும் பட்டையான ஃப்ரெட் போர்டுக்கு ரோஸ்வுட், கருங்காலி, மேப்பிள். 1952-ல் வந்த லெஸ் பால் கிட்டார் மஹோகனி உடலின் மேல் மேப்பிள் மூடி போட்டது. எடை குறைந்த சதுப்புநில ஆஷ் இப்போது கிடைப்பது அரிதாகிவிட்டது. ஆஷ் மரத்தைத் துளைத்து அழிக்கும் ஒரு பச்சை வண்டு அதற்குப் பெரிய காரணம்.

பெயரைவிடக் கையில் உள்ள பலகையைப் பாருங்கள். ரேகை (மர நார் ஓடும் வரி) நேராக ஓடுகிறதா, கணு இருக்கிறதா, முறுக்கு இருக்கிறதா? பலகையின் ஒரு முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, மறு முனை வரை நீட்டுவாக்கில் பாருங்கள். இரண்டு விளிம்புகளும் இணையாக ஓடாமல் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வது போலத் தெரிந்தால் பலகை முறுக்கியிருக்கிறது, வேண்டாம். வைரம் பாய்ந்த பகுதியும் வெளிர்ப்பகுதியும் கலந்த பலகையைத் தவிர்ப்பதும் நல்லது. வெளிர்ப்பகுதியைத்தான் பூச்சி முதலில் தேடி வரும்.

தேக்கில் செய்யலாமா? ரொம்பக் கனமாகிவிடுமா?

செய்யலாம். கனத்தை வாங்கும் முன்பே கணக்குப் போட்டுவிடலாம். 50 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. தடிமன் உள்ள பலகையின் கன அளவு 7.9 லிட்டர் அளவுக்கு வரும். அதைத் தராசில் வைத்தால் 5.1 கிலோ என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 0.65 கிலோ, தேக்குக்கு இது இயல்பான அடர்த்தி. உருவம் வெட்டிக் குழிகள் எடுத்த பிறகு வழக்கமான ஓர் உடலில் மிஞ்சுவது 4.3 லிட்டர் மரம். ஆக உடல் 2.8 கிலோ. நெக்கும் உலோகப் பாகங்களும் சேர்ந்து 1.5 கிலோ. மொத்தம் 4.3 கிலோ.

லிட்டருக்கு 0.45 கிலோ உள்ள ஆல்டரில் அதே கிட்டார் 3.4 கிலோவில் முடியும். இரண்டு மணி நேரம் நின்று வாசித்தவரின் தோளுக்கு இந்த 900 கிராம் நன்றாகவே தெரியும். தேக்குதான் வேண்டுமென்றால் உடலுக்குள் அறைகள் குடைந்து மேலே ஒரு மூடி ஒட்டுங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முகத்தை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்ததும் தாமதிக்காமல் பசை தடவுங்கள்.

பலகை காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஈரமானி இருந்தால் 6 முதல் 10 சதவீதத்துக்குள் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் தராசே போதும். பலகையை வேலை செய்யும் அறையில், காற்று எல்லாப் பக்கமும் படும்படி குச்சிகள் மேல் கிடத்துங்கள். வாரம் ஒருமுறை நிறுத்து, எடையையும் தேதியையும் பலகையின் மேலேயே பென்சிலில் எழுதுங்கள். என் கொட்டகையில் இப்போது கிடக்கும் ஒரு மஹோகனிப் பலகையில் 4,910, 4,865, 4,840, 4,830, 4,830 என்று கிராம் கணக்கு வரிசையாக இறங்குகிறது. கடைசி இரண்டும் ஒன்றாகிவிட்டதால், அந்த அறையின் காற்றோடு அது சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

பச்சைப் பலகையாக வாங்கினால் ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. முனைகளில் மெழுகோ பெயிண்ட்டோ பூசுங்கள். முனை வழியாக ஈரம் பல மடங்கு வேகமாக வெளியேறும். பூசாவிட்டால் அங்கே வெடிப்பு விழும்.

மரம்தான் டோனைத் தீர்மானிக்கிறது என்கிறார்களே, உண்மையா?

பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருளும். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. பிக்கப் உணர்வது கம்பியின் அசைவை, மரத்தின் ஓசையை அல்ல. 1930-களின் தொடக்கத்தில் வந்த ரிக்கன்பேக்கர் 'ஃப்ரையிங் பேன்' கிட்டார் வார்ப்பு அலுமினியம். லெஸ் பால் என்ற கிட்டார் கலைஞர் 1940 வாக்கில் செய்த 'லாக்' கிட்டாரின் நடுப்பகுதி நான்கங்குலப் பைன் கட்டை. இரண்டும் பாடின.

அதற்காக மரத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். கம்பியின் அதிர்வில் ஒரு பங்கை இரு முனைகளிலும் உள்ள மரம் உறிஞ்சுகிறது. எவ்வளவு உறிஞ்சுகிறது என்பது விறைப்பையும் மூட்டுகளின் இறுக்கத்தையும் பொறுத்தது. இதில் நெக்குக்குத்தான் பெரும்பங்கு. ஆல்டரிலிருந்து ஆஷுக்கு மாறினால் என் காதுக்குத் தெரியும் வித்தியாசத்தைவிட, பிக்கப்பை ஒரு மி.மீ. ஏற்றி இறக்கினால் தெரியும் வித்தியாசம் பெரியது. மரத்தை அதன் எடைக்காகவும், வளையாமல் நிற்பதற்காகவும், கண்ணுக்கு அழகாக இருப்பதற்காகவும் தேர்ந்தெடுங்கள்.

ஒரே பலகையில் செய்தால்தான் உசத்தியா?

இல்லை. நன்றாகப் பொருத்தி ஒட்டிய மூட்டில் மரம்தான் முதலில் உடையும், பசை விடாது. இரண்டு துண்டை மையக்கோட்டில் ஒட்டுவதில் ஒரு வசதியும் உண்டு: அந்தப் பசைக்கோடே உங்களுக்கு மையக்கோடாகிவிடும்.

வேலையை எங்கிருந்து தொடங்குவது?

காகிதத்திலிருந்து. உண்மை அளவில் முழுக் கிட்டாரையும் வரையுங்கள், மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பிரிட்ஜ் (உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பாகம்), பிக்கப், நெக், கீ (கம்பியை முறுக்கும் திருகு) எல்லாவற்றையும் முதலில் வாங்கிக் கையில் வைத்து அளந்துவிட்டு வரையுங்கள். இணையத்தில் கிடைக்கும் அளவை நம்பிக் குழி எடுத்துவிட்டு, பிக்கப் வந்ததும் அது உள்ளே போகாமல் தவிப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

அடுத்து மையக்கோடு. பலகையில் முதலில் விழ வேண்டியது அதுதான். நெக் குழியும் பிக்கப் குழிகளும் பிரிட்ஜும் அதிலிருந்தே அளக்கப்பட வேண்டும், உடலின் விளிம்பிலிருந்து அல்ல. நான் பென்சில் கோட்டின் மேல் கத்தியால் ஒருமுறை இழுத்துவிடுவேன், உப்புத்தாள் பட்டாலும் தடம் மிஞ்சும். பாலிஷுக்கு முந்தைய நாள்தான் அதை அழிப்பது வழக்கம்.

சி.என்.சி. (கணினி வழி வெட்டும் இயந்திரம்) இல்லாமல் குழிகளை நேர்த்தியாக எடுக்க முடியுமா?

கைரூட்டரும் (சுழலும் பிட்டால் மரத்தைக் குடையும் கருவி), எம்.டி.எஃப். என்ற மரநார்ப் பலகையில் வெட்டிய டெம்ப்ளேட்டும் போதும். டெம்ப்ளேட்டை அறுத்து, அரத்தால் கோட்டுக்குக் கொண்டுவந்து, பலகையில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். குழிக்குள் இருக்கும் மரத்தில் பெரும்பகுதியை முதலில் டிரில்லால் எடுத்துவிடுங்கள். மிச்சத்தை, டெம்ப்ளேட்டின் விளிம்பைத் தொட்டு ஓடும் பேரிங் உள்ள பிட்டால், ஒரு முறைக்கு 3 முதல் 5 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் வெட்டுங்கள்.

உடலின் வெளி விளிம்பில்தான் ஆபத்து. கொம்பு (நெக்கின் பக்கம் நீளும் உடலின் முனை) வளையும் இடத்தில் ரேகைக்கு எதிராக பிட் நுழைந்தால் மரத்தைப் பிளந்து ஒரு பெரிய சிராயைப் பிடுங்கி எறியும். எனக்கு அப்படி ஒரு கொம்பே போயிருக்கிறது. அதற்குப் பிறகு கோட்டிலிருந்து 2 மி.மீ.க்குள் வருமாறு வாளால் அறுத்துவிட்டுத்தான் ரூட்டரை எடுக்கிறேன். அந்த வளைவில் மட்டும் ரூட்டரைத் தவிர்த்து உருளை உப்புத்தாளால் தேய்த்து முடிக்கிறேன்.

நெக்குக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறீர்கள்?

நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டை) பிரிட்ஜ் வரை 648 மி.மீ. உள்ள கிட்டாரில் சாதாரணமான ஆறு கம்பிகள் சேர்ந்து 45 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. 20 மி.மீ. சொச்சம் தடிமனுள்ள ஒரு குச்சி அந்த இழுப்பை ஆண்டுக்கணக்கில் தாங்கி, மில்லிமீட்டரின் பின்னத்துக்குள் நேராக நிற்க வேண்டும். அதனால் நெக் மரத்தில் ரேகை முனையிலிருந்து முனை வரை ஓட வேண்டும். பக்கவாட்டில் வெளியேறக் கூடாது. வளையங்கள் ஃப்ரெட் போர்டுக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த கட்டை சிறந்தது. கிடைக்காவிட்டால் மூன்று பட்டைகளை ரேகை எதிரெதிராக வருமாறு ஒட்டலாம், அது இன்னும் உறுதி.

உள்ளே ட்ரஸ் ராட் என்ற எஃகுக் கம்பி வைக்கிறோம். கிப்சன் நிறுவனம் 1920-களிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டது. இரு பக்கமும் திருப்பக்கூடிய வகையைப் போடுங்கள். அதன் பள்ளம் இறுக்கமாக இருக்க வேண்டும். தளர்ந்திருந்தால் சில சுரங்களில் உள்ளே கிர்ரென்று அதிரும், ஃப்ரெட் போர்டைப் பிரிக்காமல் அதைச் சரிசெய்ய முடியாது. இன்னொன்று: நெக்கை ஒரே நாளில் செதுக்கி முடிக்காதீர்கள். உருவத்துக்கு 3 மி.மீ. மிச்சம் வைத்து அறுத்து, ஒரு வாரம் சும்மா விடுங்கள். மரம் தன் இறுக்கத்தை விட்டு எந்தப் பக்கம் வளையுமோ வளைந்துகொள்ளட்டும். அப்புறம் இழைப்புளியால் நேராக்குங்கள்.

போல்ட்-ஆன், செட் நெக், நெக்-த்ரூ: எது நல்லது?

முதல் கிட்டாருக்குத் தயங்காமல் போல்ட்-ஆன், அதாவது நெக்கைத் திருகாணியால் மாட்டுவது. தவறு நேர்ந்தால் நான்கு திருகாணியைக் கழற்றி, சரிசெய்து, மறுபடி மாட்டலாம். நெக்கை உடலோடு ஒட்டிவிடும் செட் நெக்கில் பசை காய்ந்த பிறகு கோணம் கால் டிகிரி பிசகியிருந்தாலும் அதோடு வாழ வேண்டியதுதான். நெக் மரமே உடலின் மறு முனை வரை ஓடும் நெக்-த்ரூ, மேல் ஃப்ரெட்டுகளுக்குக் கை எட்ட அருமையானது, செய்ய நீளமான நேர்மரம் வேண்டும்.

நெக்கைச் சாய்த்து வைக்க வேண்டுமா, நேராகவா?

பிரிட்ஜின் உயரம்தான் பதில் சொல்லும். ஃபெண்டர் பாணியில் நெக்கின் அடி 25 மி.மீ., குழி 16 மி.மீ. ஆழம், ஃப்ரெட் போர்டு உடலுக்கு மேல் 9 மி.மீ. நிற்கும். தட்டையான பிரிட்ஜுக்கு இது சரியாக இருக்கும், சாய்வு தேவையில்லை. கிப்சன் பாணி டியூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜ் அதைவிட உயரம் என்பதால் நெக்கைப் பின்னால் சாய்க்க வேண்டும். லெஸ் பாலில் அது 4 டிகிரியை ஒட்டி இருக்கும்.

நெக் முடியும் இடத்திலிருந்து பிரிட்ஜ் 150 மி.மீ. தள்ளியிருந்தால், ஒரு டிகிரி சாய்வுக்குக் கம்பியின் உயரம் 2.6 மி.மீ. மாறும். பக்கவாட்டு வரைபடம் வேண்டும் என்று மேலே சொன்னது இதற்குத்தான். அதில் ஓர் அளவுகோலை ஃப்ரெட்டுகளின் மேல் கிடத்தினால் கோணம் தானாகத் தெரிந்துவிடும்.

ஃப்ரெட் இடைவெளியை எப்படிக் கணக்கிடுவது?

17.817 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரையான நீளத்தை இதனால் வகுத்தால் முதல் ஃப்ரெட்டின் இடம். 648-ஐ வகுத்தால் 36.37 மி.மீ. மிச்சமுள்ள 611.63-ஐ மறுபடி வகுத்தால் அடுத்தது 34.33. இப்படியே போனால் 12-ஆவது ஃப்ரெட் சரியாகப் பாதியில், 324-ல் வந்து நிற்கும். வராவிட்டால் கணக்கில் எங்கோ பிழை.

குறிக்கும்போது ஒவ்வொரு ஃப்ரெட்டையும் நட்டிலிருந்தே அளங்கள். முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அளந்தால், ஒவ்வொன்றிலும் 0.2 மி.மீ. பிசகினாலும் 20-ஆவது ஃப்ரெட்டில் 4 மி.மீ. சேர்ந்துவிடலாம். பென்சில் முனை தடிமன், கத்தியால் குறியுங்கள். வாள் வெட்டின் அகலம் 0.6 மி.மீ.யை ஒட்டி இருக்க வேண்டும். அகன்றால் ஃப்ரெட் பிடிக்காது, குறுகினால் நெக்கைப் பின்னால் வளைக்கும்.

கணக்கெல்லாம் சரி, ஆனால் மேலே போகப் போகச் சுருதி விலகுகிறது. ஏன்?

பெரும்பாலும் பிரிட்ஜின் இடம் தவறு. கம்பியை அழுத்தும்போது அது சற்று இழுபட்டுச் சுருதி ஏறும். அதை ஈடுகட்டக் கம்பியின் நீளத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். மெல்லிய கம்பிக்கு 2 மி.மீ., தடித்த கம்பிக்கு 4 அல்லது 5 மி.மீ. ஆகவே மெல்லிய கம்பியின் சேடிலை (பிரிட்ஜில் அந்தக் கம்பி அமரும், நகர்த்தக்கூடிய துண்டு) கிட்டத்தட்ட முழுவதும் முன்னால் கொண்டுவந்து, அது சரியாக 648-ல் நிற்கும்படி பிரிட்ஜைப் பொருத்துங்கள். பிறகு அதுவும் மற்றவையும் வேண்டிய அளவு பின்னால் போக இடம் இருக்கும்.

திருகாணித் துளை போடும் முன், நெக்கை மாட்டி, இரண்டு ஓரக் கம்பிகளுக்குப் பதில் நூல் கட்டிப் பாருங்கள். இரண்டு நூலும் ஃப்ரெட் போர்டின் இரண்டு ஓரத்திலிருந்தும் ஒரே அளவு உள்ளே ஓட வேண்டும். மையக்கோடு பிசகியிருந்தால் இந்த நூல் காட்டிக்கொடுத்துவிடும்.

அரக்கு, எண்ணெய், லாக்கர்: எதைப் பூசுவது?

முதல் கிட்டாருக்கு டங் எண்ணெய் அல்லது அரக்கு. துணியால் தேய்த்துப் பூசலாம், கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். நைட்ரோ லாக்கர் அழகு, ஆனால் தெளிக்கக் கருவி வேண்டும், முழுதாக இறுக வாரங்கள் ஆகும். பாலியூரித்தேன் கெட்டி. மஹோகனி, ஆஷ், தேக்கு போன்றவற்றில் துளைகள் திறந்திருக்கும்; கண்ணாடி போல வர வேண்டுமானால் முதலில் அவற்றை ஃபில்லரால் அடைக்க வேண்டும். மேப்பிளுக்கும் ஆல்டருக்கும் தேவையில்லை.

எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். உலரும்போது அது தானாகச் சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

வயரிங் முடித்தேன், இரைச்சல் வருகிறது. கம்பியைத் தொட்டால் குறைகிறது. மரத்தில் ஏதாவது கோளாறா?

மரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. உங்கள் உடம்பு சுற்றிலுமுள்ள மின் இரைச்சலை வாங்கி பிக்கப் அருகே கொண்டுவருகிறது. கம்பியைத் தொட்டதும் பிரிட்ஜின் எர்த் வயர் வழியாக அது வடிந்துவிடுகிறது. தொட்டால் குறைவது எர்த் சரியாக இருப்பதற்கு அடையாளம். குழிகளின் உட்புறம் முழுக்கச் செம்புத் தகடு ஒட்டி, அதை எர்த்தோடு இணையுங்கள், பெருமளவு அடங்கும்.

ஒற்றைச் சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப்பில் ஒரு முனகல் மிஞ்சத்தான் செய்யும். அதை ஒழிக்கவே 1950-களில் கிப்சனில் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து ஹம்பக்கரை உருவாக்கினார். பொதுவாகச் சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம் பாட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு), ஹம்பக்கருக்கு 500.

ரோஸ்வுட் போட்ட கிட்டாரை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனால் பிடித்துக்கொள்வார்களா?

2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதும் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வந்தது. 2019 நவம்பரில் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. பிரேசில் ரோஸ்வுட் மட்டும் 1992-லிருந்து முதலாம் பட்டியலில் இருக்கிறது, அதற்கு இந்த விலக்கு கிடையாது. மரமாக அனுப்புவதும் கிட்டாராக அனுப்புவதும் வேறு வேறு. வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மரத்தூள்தானே, முகமூடி அவசியமா?

அவசியம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. ரோஸ்வுட் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பையும் மூச்சிரைப்பையும் உண்டாக்கும். துணியை மூக்கில் கட்டினால் நுண்தூள் நிற்காது. வடிகட்டி உள்ள முகமூடி போடுங்கள்.

நண்பருக்கு ஒன்று செய்து தரப் போகிறேன். அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

மரத்தின் நிறத்தைக் கடைசியாகக் கேளுங்கள். அவருக்குப் பிடித்த கிட்டாரைக் கொண்டுவரச் சொல்லி, முதல் ஃப்ரெட்டிலும் 12-ஆவதிலும் நெக்கின் தடிமனை அளந்துகொள்ளுங்கள். நட்டின் அகலத்தையும் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் வாசிப்பதைப் பத்து நிமிடம் பாருங்கள்: நின்றா உட்கார்ந்தா, கட்டைவிரல் நெக்கின் பின்னால் இருக்கிறதா மேலே ஏறி வருகிறதா? நிற்பவர் என்றால் மேல் கொம்பு 12-ஆவது ஃப்ரெட் வரை நீளட்டும், இல்லாவிட்டால் தலைப்பகுதி கீழே சாயும்.

எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரே ஒரு சுரம் மட்டும் சீக்கிரம் செத்துவிடுகிறது. என்ன செய்வது?

முதலில் ஃப்ரெட்டைப் பாருங்கள். சிறிய நேர்ப்பட்டை ஒன்றை மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் வைத்தால் ஆடக் கூடாது. ஆடினால் நடு ஃப்ரெட் எழும்பியிருக்கிறது, தட்டியோ அரத்தால் தேய்த்தோ சமப்படுத்துங்கள். அடுத்து நெக்கின் வளைவு. தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திக்கொண்டு ஏழாவதில் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும்.

இரண்டும் சரி என்றால் அது நெக்கின் சொந்த அதிர்வு. அந்தச் சுரத்தின் அதிர்வெண்ணும் நெக்கின் அதிர்வெண்ணும் ஒன்றாகி, கம்பியின் சக்தியை நெக் விழுங்கிவிடுகிறது. தலைப்பகுதியில் ஒரு சிறிய கிளாம்ப்பை மாட்டிவிட்டு அதே சுரத்தை வாசித்துப் பாருங்கள். சுரம் உயிர்பெற்று, பக்கத்துச் சுரம் சோர்ந்தால் காரணம் இதுதான். கனமான கீயோ இலேசான கீயோ மாற்றி, அந்த இடத்தை நீங்கள் அதிகம் நின்று வாசிக்காத ஒரு சுரத்துக்கு நகர்த்தலாம். எந்தச் சுரத்துக்கு என்பதை கிளாம்ப்பை ஒவ்வொரு இடமாக மாட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அரை நாள் பிடிக்கும்.